ரயில் நேரம் பார்த்துப் பல் பிடுங்கியவள்

டாக்டரம்மா பிடுங்கிய பற்களின் வலி முழுவதும் அவள் கணவனுக்குப் போய்ச் சேர்ந்தது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் தொடங்கிய விஷயம் இது. அதற்கு முன்பு அந்த வலிகள் எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர்களே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். கணவன் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன். முதல் நடைமேடைக்கு மேலே, படிக்கட்டு முடிகிற இடத்தில், கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே வருகிறது, எது தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவன் வேலை. கணீரென்ற குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொன்னாள் என்று அவள் வீட்டார் இன்றும் கேலி செய்வார்கள். வலி முதன்முதலாக இடம் மாறிய அன்று அவள் மாவுமில்காரருக்குக் கடைவாய்ப் பல் எடுத்துக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் நிலையத்தில், "விரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில் மூன்றாவது" என்று தொடங்கிய அறிவிப்பு "ஐயோ அம்மா" என்று முடிந்தது. பயணிகள் வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். மாவுமில்காரரோ வாயைத் துடைத்துக்கொண்டு, எடுத்தாகிவிட்டதா, ஒன்றுமே தெரியவில்லையே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

முதலில் அவள் நம்பவில்லை. கணவனை உட்காரவைத்து ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள். சொத்தை கிடையாது, ஈறு வீக்கம் கிடையாது. பற்பசை விளம்பரத்துக்குக் கொடுக்கலாம் போன்ற வரிசை. மரத்துப்போகும் ஊசி போட்டால் அவனுக்கு நாக்குதான் மரத்ததே தவிர வலி இருந்த இடத்தில் சௌகரியமாக இருந்தது. நோயாளிகளுக்கு ஊசி போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, அவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. எல்லாம் நேராக ரயில் நிலையத்துக்குப் போனது. நாளடைவில் அவன் வலிகளோடு பழகிக்கொண்டான். கறை எடுத்துச் சுத்தம் செய்வது அவனுக்கு வெறும் கூச்சம்தான். சொத்தை அடைப்பது பரவாயில்லை. வேர் சிகிச்சை என்றால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. எல்லாவற்றையும்விடப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல்லை நேராக்கக் கம்பி மாட்டுவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை; வந்த வலி மாசக்கணக்கில் போகாமல் அழையாத விருந்தாளியாக உட்கார்ந்துவிடும். அறிவிப்பாளனின் அக்கா ஒருமுறை வந்து தங்கி, தம்பி ஒரு பக்கமாகவே மெல்லுவதைப் பார்த்துவிட்டு, "நல்ல வேலைக்குப் போறவள்னு கட்டிவச்சோம். ஊர்க்காரங்க பல்லுக்கெல்லாம் என் தம்பியா கிடைச்சான்?" என்று கேட்டாள். டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு, "நானா அண்ணி வேணும்னு செய்யறேன்?" என்றாள்.

அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். கிளினிக் சுவரில், பல்லின் குறுக்குவெட்டுப் படத்துக்குப் பக்கத்தில், ரயில் கால அட்டவணையை ஒட்டினாள். இரண்டு வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே பல் பிடுங்கினாள். வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடப்பவர்கள் சரக்கு வண்டி கடக்கும்வரை அப்படியே கிடப்பார்கள். சத்தம் தேய்ந்ததும் அவள் இடுக்கியை எடுப்பாள். ஊர் இதற்கும் பழகியது. பல் பிடுங்க நேரம் கேட்பவர்கள், "பாசஞ்சர் போனப்புறம் வரட்டுமா, இல்ல மெயிலுக்கு முன்னாடியா?" என்று கேட்டார்கள். மழைக்காலத்தில்தான் சங்கடம். வண்டிகள் கண்டபடி தாமதமாகும், அட்டவணைக்கு அர்த்தமே இருக்காது. அவளும் கணக்குத் தப்பி இடுக்கியை வைத்துவிடுவாள். ஒலிபெருக்கியில் பாதியில் குரல் உடைந்தால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டு, யாருக்கோ ஆகிறது பாவம் என்பார்கள். கிளினிக்கின் ஜன்னல் வழியாக அந்தக் குரல் அவளுக்கும் கேட்கும். கையுறையோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

பல் கெட்டால்தானே பிடுங்க வேண்டும், கெடாமலே பார்த்துக்கொண்டால் என்ன என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வேறெந்தப் பல் டாக்டரும் தன் தொழிலுக்குத் தானே குழி வெட்டி இப்படி அலைந்திருக்க மாட்டார்கள். தலையணை அளவு பிளாஸ்டிக் பல்லையும் துடைப்பம் அளவு பிரஷ்ஷையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம், நெசவாலை, காவல் நிலையம் என்று ஓர் இடம் விடாமல் போனாள். காலையும் ராத்திரியும் துலக்குங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள், இனிப்புத் தின்றால் கொப்பளியுங்கள், ஈறில் ரத்தம் வந்தால் உடனே வாருங்கள், வலிக்காவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னாள். கைதட்டினார்கள். இலவசமாகக் கொடுத்த பிரஷ்களை வாங்கிப்போய்ச் சீப்பின் பற்களுக்கு இடையிலும் சைக்கிள் சங்கிலியிலும் இருந்த அழுக்கை எடுத்தார்கள். இவள் கையில் வலிக்காது என்று தெரிந்துபோன ஊருக்குப் பல்லைப் பற்றி என்ன பயம்? கிளினிக்குக்கு எதிரிலேயே மிட்டாய்க் கடை திறந்தது, வியாபாரம் சக்கைப்போடு போட்டது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வீங்கிய கன்னங்கள் வண்டி பிடித்து வரத் தொடங்கின. அந்த வண்டிகளின் வருகையையும் அவள் கணவன்தான் அறிவித்தான்.

கடைசியில் கிளினிக்கைப் பூட்டினாள். வாசலில் மூட்டை தூக்குகிற ஒரு ஆள் தாடை வீங்கி, சட்டைக்காலர் நனைய எச்சில் வழிய, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான். கிளினிக்கை ஒட்டியிருந்த வீட்டுக்குள் அவள் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள். வேலை முடிந்து வந்த கணவன் அந்த ஆளைக் கைத்தாங்கலாக எழுப்பி, பூட்டைத் தானே திறந்து, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். "எனக்கு வந்தா ரெண்டு நாள்ல போயிடும். இவனுக்கு விட்டா சீழ் கழுத்துக்கு இறங்கிடும்னு நீதானே சொல்லுவ. எழுந்து வா." அவள் வந்தாள். அவன் பக்கத்து அறையில் தலையணையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அதற்கப்புறம் பூட்டுகிற பேச்சே எழவில்லை. வருஷங்கள் போயின. அவன் தலை நரைத்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

இதற்கு நடுவில் அவளுக்கே ஒரு பல் கெட்டது. ஊர் முழுக்கச் சொல்லித்திரிந்தவள் தன் வாயைக் கவனிக்கவில்லை; நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு அப்படியே விழுகிறவளுக்கு ராத்திரி துலக்க எங்கே நேரம்? முதலில் குளிர்ந்த தண்ணீர் கூசியது. பிறகு சூடு. பிறகு சும்மா இருக்கும்போதே விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. எந்தக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? ஒன்றும் செய்யவில்லை. செய்தால் அது அவனுக்குப் போகும். ஊரிலுள்ள வலிகளில் இது ஒன்றையாவது அவனுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், கிராம்பு எண்ணெய் வைத்தாள், மாத்திரைகளை விழுங்கினாள், கணவனிடம் தலைவலி என்று சொன்னாள். இரண்டு வருஷம் அப்படி ஓட்டினாள். பல் பாதியாக உடைந்து, கன்னம் வீங்கத் தொடங்கியபோதுதான் பயம் வந்தது. வலியைக் கடத்துவது தன் கைதான் என்பது அவள் கணக்கு. வேறொரு கை பிடுங்கினால் வலி தன்னோடே இருந்துவிடும். டாக்டர்கள் கூட்டம் என்று பொய் சொல்லி, கிளினிக்கைப் பூட்டிவிட்டு, தூரத்து நகரத்தில் கிளினிக் வைத்திருந்த கல்லூரித் தோழியிடம் போனாள்.

தோழி வாயைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "பல் டாக்டர்னு வெளியில சொல்லிக்காதடி." டாக்டரம்மா ஊசி வேண்டாம் என்றாள். பைத்தியமா என்று தோழி கேட்டதற்கு, ஆமாம், அப்படியே எடு என்றாள். இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி, இத்தனை வருஷம் மற்றவர்களிடமிருந்து எடுத்ததை ஒருமுறையாவது தானே முழுசாக அனுபவிக்கக் காத்திருந்தாள். இடுக்கி பிடித்தது. ஆடியது. வேர் முறிகிற சத்தம் காதுக்குள் கேட்டது. வலி வரவில்லை. வரவே இல்லை. அவள் ஓவென்று அழுதாள். அதற்குத்தான் ஊசி போட்டுக்கொள் என்றேன் என்று தோழி திட்டிக்கொண்டே பஞ்சை வைத்து அழுத்தினாள்.

தன் கை காரணம் இல்லை என்றால் வேறு என்ன காரணம் என்று திரும்பி வரும் வண்டியில் அவள் யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. ஊர் வந்து இறங்கியதும் படியேறிக் கண்ணாடி அறைக்குப் போனாள். அவன் ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு சிக்னல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ் வரிசை, இடது பக்கம்," என்றான் திரும்பாமல். "உன்னோடதா?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"கிளினிக்தான் பூட்டியிருக்கே. வேற யாரு வலி எனக்கு வரும்?" நாக்கால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். "இது இன்னைக்கு நேத்து வந்த வலி இல்ல. எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை காலத்தில் அவனுக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததில்லை. "கண்டவன் பல்லெல்லாம் என் வாயில வந்து வலிக்குது, நான் ஏதாவது சொன்னேனா? நீ பக்கத்துலயே படுத்துக்கிட்டு ரெண்டு வருஷம் ஒளிச்சு வச்சிருக்க. ஊர்ல எல்லாரும் எங்கிட்ட குடுத்தாங்க, நீ குடுக்கல. என்னை யாருன்னு நினைச்ச?"

அவள் வாய் திறந்து பதில் சொல்லப் பார்த்தாள். அதற்குள் சிக்னல் மாறியது. பழக்கத்தில் அவன் கை ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்திவிட்டது. "பாசஞ்சர் வண்டி இரண்டாவது நடைமேடைக்கு" என்று அவன் குழறலாகத் தொடங்கும்போதே அவள் அடக்கமாட்டாமல் வெடித்து அழுதாள். நாலு நடைமேடைகளிலும் அந்த அழுகை கேட்டது. பயணிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். பெண்குரலாக இருந்தது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பிடுங்கியது ஒரு பெண்ணின் பல்லாக இருக்கும். பெரிய பல் போலிருக்கிறது பாவம் என்று பேசிக்கொண்டே, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, இரண்டாவது நடைமேடைக்கு நடந்தார்கள்.