மாமாவின் பல்லும் மூன்று ஜாஸ் ரசிகர்களும்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற எழுத்தாளர்களுக்கு வழியில் பார்த்த ஒரு முகத்திலிருந்தோ, பஸ்ஸில் காதில் விழுந்த பேச்சிலிருந்தோ கதை கிடைக்குமாம். பேட்டிகளில் அப்படித்தான் அளக்கிறார்கள். எனக்கு, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவதைப் பார்த்துப் பார்த்து வந்த எரிச்சல்தான் கிடைத்தது. இருப்பதை வைத்துத்தானே குடும்பம் நடத்த வேண்டும்.

மூவரில் ஒருவர் என் வீட்டுக்காரர். பல் டாக்டர். கீழே கிளினிக், மேலே வீடு. இன்னொருவர் ஆடிட்டர், மற்றவர் வக்கீல். மூவருக்கும் ஜாஸ் பைத்தியம். பைத்தியம் என்பது அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. நான் அவ்வளவு மரியாதை கொடுப்பதில்லை.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை ஓய்ந்த ஒரு மாலையில், தூரத்தில் எங்கிருந்தோ ஒரு டிரம்பெட்டின் விம்மல் —

போதும். மழையே பெய்யவில்லை. டிரம்பெட் எங்கள் வீட்டுக் குளியலறையில் இருந்தது. அது விம்மவும் இல்லை. பல் சரியாக உட்காராத ஆள் ஊதியதால் புஸ் புஸ் என்று காற்றுதான் வந்தது. அடுத்த தொடக்கம்:

ஜாஸ் என்பது சுதந்திரத்தின் —

இது என் வாக்கியமே இல்லை. வக்கீல் வாராவாரம் சொல்வது, காதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டையும் கிழித்துப் போட மனமில்லாமல் இங்கேயே விட்டுவைக்கிறேன். குப்பை யார் வீட்டிலிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியட்டுமே.

2

தங்களை அவர்கள் 'வட்டம்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். மூன்று பேர் உட்கார்ந்தால் எங்கிருந்து வட்டம் வரும் என்று ஒருமுறை கேட்டேன். டீ கேட்டுப் பதிலை முடித்துக்கொண்டார்கள்.

வட்டத்தில் புகழ்பெற்றவர்களைப் பற்றிப் பேசுவது கேவலம். உலகம் கண்டுகொள்ளாமல் விட்ட கலைஞர்களைத்தான் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவார்கள். ஆளுக்கு ஒருவர் சொந்தம். ஆடிட்டருக்கு ஒரு டிரம்மர். வக்கீலுக்கு ஒரு சாக்ஸபோன்காரர், ஒரே ஒரு இசைத்தட்டு வெளியிட்டுவிட்டு மீன் வியாபாரத்துக்குப் போய்விட்டவர். இவருடைய ஆளை அவர் புகழலாம், ஆனால் அளவோடு புகழ வேண்டும். ஒருமுறை ஆடிட்டரின் டிரம்மர் வாசித்த துண்டு ஒரு சோப்பு விளம்பரத்தில் வந்துவிட்டது. ஊரே முணுமுணுத்தது. ஆடிட்டர் முகம் செத்துப்போய் வந்து உட்கார்ந்தார். மற்ற இருவரும் துக்கம் விசாரித்தார்கள். அடுத்த வாரம் அந்த டிரம்மருக்கு 'தாளம் கொஞ்சம் முரடு' என்று ஆகிவிட்டது.

இவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் இசைத்தட்டின் அட்டையைத் தலையணை உறைக்குள் மறைத்துக்கொண்டு தட்டை மட்டும் போடுவார். வாசிப்பது யார், எந்தக் காலம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். தலையணை உறை என் பீரோவிலிருந்து போகிறது. எத்தனையோ நாள் உறையில்லாத தலையணையில் படுத்து அவர்களுடைய ரசனைக்கு என்னாலான தொண்டு செய்திருக்கிறேன்.

3

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு ஹோட்டலின் டான்ஸ் பேண்டில் டிரம்பெட் வாசித்தவர். மேல்வரிசைப் பல் எல்லாம் போனபிறகு டிரம்பெட் பெட்டிக்குள் போயிற்று. டிரம்பெட்டின் முனை உதட்டில் அழுந்தும்போது உதட்டுக்குப் பின்னால் தாங்கிக்கொள்ளப் பல் வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு மூச்சு இருந்தும் பலனில்லை. அதனால்தான் என் வீட்டுக்காரர் அவருக்குப் பல்செட் செய்து கொடுத்தார். அது சரியாகப் பொருந்தும்வரை மாமா எங்களோடு தங்கினார்.

(மாமாவை இன்னும் கொஞ்சம் பரிதாபமாக எழுதலாமா என்று யோசித்தேன். காலர் கிழிந்த சட்டை, ஒரு இருமல். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவர் சட்டையை இஸ்திரி போடாமல் பால் வாங்கக்கூடப் போகமாட்டார். சென்ட் வேறு. சீட்டாட்டத்தில் என்னிடம் கூச்சமில்லாமல் ஏமாற்றுவார். இந்த ஆளை வைத்து என்ன பரிதாபத்தை வரவழைப்பது?)

செட்டின் உள்பக்கம், இடது ஓரத்தில், ஒரு சின்ன மேடு இருந்தது. டிரம்பெட்டை வாயில் வைத்ததும் அது ஈறில் குத்தும். மாமா பாதியில் நிறுத்திவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் கீழே கொண்டுபோய் ராவிக்கொண்டு வருவார், மாமா குளியலறையில் ஊதிப் பார்ப்பார், மறுபடி கீழே போகும். ஒரு நாள் காலையில் குளியலறையிலிருந்து ஒரு சுரம் முழுசாக, நீளமாக வந்தது. என் வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு நின்று கேட்டுவிட்டு, "மேடு போயிடுச்சு" என்றார். தொழிலில் அவர் கெட்டிக்காரர். அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை.

மாமாவின் ஆசை என்ன என்று சொல்லிவிடுகிறேன். புகழ் இல்லை. அவர் வாசித்ததெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. தட்டிலிருந்து ஒருவரும் தலை நிமிர்ந்ததில்லை. இந்தச் சங்கீதம் தெரிந்த ஒரே ஒரு ஆள் வாயால் 'நல்லா வாசிச்சீங்க' என்று கேட்டுவிட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மூன்று பேர் வாராவாரம் என் கூடத்துக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

4

மாமா வாசித்த இசைத்தட்டு ஒன்றே ஒன்று உண்டு. பேண்டு மாஸ்டர் ஒரு மதியம் எல்லோரையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்தது. அட்டையில் மாஸ்டர் பெயர் மட்டும்தான். அதை நான் ஒரு தலையணை உறைக்குள் போட்டு வட்டத்துக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தேன். குறும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமா பக்கத்து அறையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

கழுவிக் கழுவி ஊற்றுவார்கள் என்றுதான் நினைத்தேன். முதல் பாட்டுக்கு அப்படித்தான் மூக்கைச் சுளித்தார்கள். இரண்டாவது, மெதுவான பாட்டு. டிரம்பெட் இரண்டு சுரம் வாசித்துவிட்டு நின்றது. பியானோ தனியாகத் தடவிக்கொண்டே போனது. பிறகு ஒரே ஒரு சுரம், அதுவும் ஓரமாக. மறுபடி ஒன்றுமில்லை. வக்கீல் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார், யாரும் பேசாதபோதே. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருய்யா இவன்? ஊதாம விடறான் பாருங்க. விட்ட இடத்துலதான் பாட்டே இருக்கு" என்றார் ஆடிட்டர்.

தெரிந்த பெயர், தெரியாத பெயர் எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். சண்டை போட்டார்கள். இவ்வளவு அடக்கம் இன்றைக்கு எவனிடம் இருக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். தட்டு அவர் வீட்டில் கிடைத்ததால் ஆள் யாராக இருந்தாலும் தனக்குத்தான் சொந்தம் என்றும் சொல்லிவிட்டார்.

அப்போது மாமாவைக் கூப்பிட்டு நிறுத்தினேன். மூவரும் எழுந்தே விட்டார்கள். இந்த மௌனத்தை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார் வக்கீல். மாமா ரொம்பச் சந்தோஷமாக, மறைக்காமல் பதில் சொன்னார்.

"அன்னைக்குப் பல்வலிங்க. இடது பக்கம் சீழ் கோத்து வீங்கியிருந்துச்சு. வச்சு ஊதினா உசுரு போகும். ரெண்டு சுரம் வாசிப்பேன், எடுத்துடுவேன், வலி விட்டதும் மறுபடி வைப்பேன். மாஸ்டர் என்னைத் திட்டாத திட்டு இல்ல."

வட்டம் சிரித்தது. பெரிய கலைஞர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று ஆடிட்டர் வக்கீலிடம் கிசுகிசுத்தார். ஒருவரும் நம்பவில்லை.*

* குறிப்பு: என் வீட்டுக்காரர் நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுப் பிழைப்பவர். நோயாளி முகத்தைச் சுளிக்கிற விதத்திலேயே எந்தப் பல் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு பாட்டு முழுக்கப் பல்வலியைக் கேட்டுவிட்டு அதற்கு 'அடக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார். இதற்கு மேல் திட்ட எனக்கு வார்த்தை உண்டு, ஆனால் அதே வீட்டில்தான் நானும் இருக்கிறேன்.

5

அடுத்த ஞாயிறு மாமாவே வாசிப்பதாக ஏற்பாடு. காலையிலேயே இஸ்திரி, சென்ட் எல்லாம் ஆயிற்று. அதே மெதுவான பாட்டைத்தான் எடுத்தார். ஆனால் அன்றைக்கு வலியால் விட்ட இடங்களையெல்லாம் இன்றைக்கு வாசித்தார். அத்தனை வருஷமாக அந்த இடங்களில் என்ன வரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. பாட்டு எங்கும் இடறாமல் போயிற்று. ஓரிடத்தில் மேலே ஏறி, அங்கே கொஞ்சம் விளையாடிவிட்டு, சிரித்துக்கொண்டு இறங்குவது போல இறங்கினார். எனக்கு ஜாஸ் தெரியாது. அழுகை வந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதல் வடிவத்தில் கதை இங்கேதான் முடிந்தது. மாமா டிரம்பெட்டை இறக்கினார். வட்டம் எழுந்து நின்று கை தட்டியது. முற்றும். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார்.

"நல்லா இருக்கு மேடம். ஆனா ஆழம் இல்ல. கொஞ்சம் வலி இருந்தா நிக்கும்."

சரி என்று உட்கார்ந்தேன். அடுத்த பகுதி அப்படி வந்தது.

6

மாமா டிரம்பெட்டை இறக்கினார். யாரும் எழவில்லை. ஆடிட்டர் காலி டீ கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு. ஆனா தட்டுல இருந்த அது இல்லியே" என்றார்.

"வித்தை இருக்கு. ஆழம் போயிடுச்சு" என்றார் வக்கீல்.

மாமா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவரோ மாமாவின் வாயைப் பார்த்தார், தான் செய்த வேலையைப் பார்க்கிற பார்வை. செட் ரொம்பச் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது என்றார், வேடிக்கையாக. ஆடிட்டர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் குத்துகிற மாதிரி செய்ய முடியுமா டாக்டர் என்று விசாரித்தார். மூவரும் சிரித்தார்கள். ஆனால் ஆடிட்டர் பதிலுக்குக் காத்திருந்தார்.

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு —

இல்லை. அந்தப் பல்லைக் கடித்துக்கொள்வதற்கும் என் வீட்டுக்காரரின் தயவு வேண்டும். இப்படி எழுதுகிறேன்: ஆடிட்டரையும் வக்கீலையும் மாமா வாசல்வரை போய் வழியனுப்பினார். பிறகு செட்டைக் கழற்றி, இஸ்திரி போட்ட கைக்குட்டையில் துடைத்து, என் வீட்டுக்காரரின் உள்ளங்கையில் வைத்தார். பல்லில்லாத வாயில் சொல் வழுக்கியது. ஆனாலும் நன்றாகக் கேட்டது.

"மாப்பிள்ளை, இடது பக்கம் ஒரு மேடு இருந்துச்சே, ராவி எடுத்தீங்களே. அதைத் திரும்ப வச்சுக் குடுத்துடுங்க."

7

ஆசிரியருக்கு இது பிடித்துவிட்டது. இப்போதுதான் கதை நிற்கிறது என்றார். எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கதையில் எனக்குச் சௌகரியமாக உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு மேட்டை வைத்துக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மாமா அந்த வார்த்தையை நிஜமாகவே சொன்னாரா, நான் சொல்லவைத்தேனா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். நீங்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர் நிம்மதியாக வாசித்தார், எனக்கு அழுகை வந்தது என்று ஐந்தாம் பகுதியில் எழுதியிருந்தேன். அங்கே புத்தகத்தை மூடியிருக்கலாமே. மூடவில்லை. மேட்டைத் திரும்ப வையுங்கள் என்றதும்தானே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்? ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றிய மாதிரி?

முடிவுக்கு வழிகள் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் மேட்டை வைத்துக் கொடுக்கலாம். அடுத்த ஞாயிறு மாமா இரண்டு சுரம் வாசித்து, வலியில் நிறுத்துவார். வட்டம் கண்ணை மூடும், உருகும். வாழ்க்கை முழுக்கக் காத்திருந்த 'நல்லா வாசிச்சீங்க' அவருக்குக் கிடைத்துவிடும், ஈறில் ரத்தத்தோடு. அல்லது என் வீட்டுக்காரர் ஒரு தடவையாவது ரசிகராக இல்லாமல் பல் டாக்டராக இருந்து, வலிக்கிற செட்டை நான் செய்ய மாட்டேன் மாமா என்று சொல்லலாம். மாமா எப்போதும் போல ஆனந்தமாக வாசிப்பார், எங்கள் குளியலறையில், யாரும் புகழாமல். மாமா அந்த இசைத்தட்டைக் காலில் போட்டு மிதித்துவிட்டு மூவரையும் படியிறக்கி விடுவது என்று இன்னொன்றும் எழுதிப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் அது மாமா இல்லை, நான்.

ஆகவே இவர்களைக் கீழே கிளினிக்கில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டேன். விளக்கு எரிகிறது. நோயாளி நாற்காலியில் மாமா, கன்னம் ஒட்டிய வாயை மூடிக்கொண்டு. என் வீட்டுக்காரர் ஒரு கையில் செட்டைப் பிடித்திருக்கிறார். எதிரே கிண்ணத்தில், ஈறின் நிறத்தில், மேடு வைக்கக் குழைத்த மாவு. அது சீக்கிரம் இறுகிவிடும், ரொம்ப நேரம் யோசிக்க முடியாது. அவர் மாமாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறார். நீங்களும் ரசிகர்தானே.

வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், மாமாவின் காதில் விழும்படி. வைக்கச் சொல்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் மேலே வரலாம். கூடத்தில் நாலாவது நாற்காலி போட்டுவைக்கிறேன். டீ மட்டும் போட மாட்டேன்.