நறுவிலிக்குளத்திலை ஒரு துவக்கு

"நறுவிலிக்குளத்துக்குப் போனா எங்களுக்கும் ஒரு துவக்கு கிடைக்கும்" எண்டு அப்பா சொன்னப்ப றொஷேலுக்குச் சந்தோசமாத்தான் இருந்தது.

அவள் பிறந்தது வளந்தது எல்லாம் இந்தியாவிலை, அகதி முகாமிலை. ரெண்டு வருசத்துக்கு முன்னந்தான் குடும்பமா மன்னாருக்குத் திரும்பி வந்தவை. அங்கத்தைப் பள்ளிக்கூடத்திலை மணி அடிச்சா டீச்சர் "ம், எழுதத் துவக்கு" எண்டுவா. அதாலை துவக்கு எண்டா தொடங்கிறது எண்டுதான் அவளுக்குப் பழக்கம். அப்பா புது இடத்திலை புதுசாத் தொடங்கிறதைப் பற்றித்தான் சொல்லுறார் எண்டு நினைச்சிட்டாள். மன்னார்த் தீவிலை பட்டதெல்லாம் காணும், இனி நல்லாயிருப்பம் எண்டு நினைச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள்.

இடைவேளையிலை கூட்டாளி றிம்ஷாட்டைச் சொன்னாள். "நாங்க வீடு மாறுறம்டி. அங்க போனா எங்களுக்கு ஒரு துவக்கு கிடைக்குமாம்."

றிம்ஷா வாய்க்குக் கொண்டுபோன ரோல்ஸை அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிண்டாள். "துவக்கோ? ஆரைச் சுடப்போறீங்க?"

"சுடுறதா? எதுக்குச் சுடணும்?"

"அல்லாவே! இவளுக்கு ஒண்டும் தெரியாது." றிம்ஷா கோடு கீறுற அடிமட்டத்தைத் தோளிலை வைச்சு ஒரு கண்ணை மூடினாள். "டுமீல்! இதுதான்டி துவக்கு. துப்பாக்கி!"

பிறகென்ன, வகுப்பு முழுக்க அவளுக்குத் துவக்குக்காரி எண்டு பேர் வந்திட்டுது. அவளும் சேந்துதான் சிரிச்சாள். வீட்டை போற பஸ்ஸிலை சீற்றிலை இருந்த பிறகுதான் அப்பா சொன்னது என்னெண்டு அவளுக்கு உறைச்சுது.

முகாமிலை அந்தச் சொல்லை ஒருத்தரும் வாயிலை எடுக்கிறேல்லை. வாசல்லை பொலிஸ் இருக்கும், ஆர் என்ன கதைக்கினம் எண்டு கேக்க ஆள் இருக்கும். அப்பாவும் இத்தனை வருசமா அந்தச் சொல்லை உள்ளுக்கை வைச்சுப் பூட்டித்தான் வைச்சிருந்திருக்கிறார். இஞ்சை வந்துதான் எடுத்தவர்.

எடுத்ததுக்குக் காரணம் இருந்தது. அப்பா றெனால்ட் பேசாலைப் பக்கம் கரைவலைக்கும் போவார், சின்னப் போட்டிலையும் போவார். ஒரு விடியக்காலமை கரையிலை ஆரோ கள்ளப் பொதி இறக்கிறதைக் கண்டிட்டார். கண்டும் காணாத மாதிரித்தான் வந்தவர். ஆனா அடுத்த கிழமை அந்தப் பொதி நேவியிட்டைப் பிடிபட்டிட்டுது. ரெண்டு பேர் மோட்டச்சைக்கிள்ளை வந்து வாசல் படலையிலை நிண்டு, "றெனால்ட் அண்ணை இருக்கிறாரோ?" எண்டு மரியாதையாக் கேட்டாங்கள். இல்லை எண்டதும் மரியாதையாவே போயிட்டாங்கள். அண்டைக்கு இரவு கரையிலை வாடிக் கொட்டிலுக்கை கிடந்த வலைக்கு மண்ணெண்ணெய் ஊத்திக் கொழுத்திப்போட்டாங்கள். பாதிதான் மிஞ்சினது.

"பொலிசிலை சொல்லுங்கோவன்" எண்டு அம்மா கேட்டவ.

"சொன்னா, முந்தி நேவிக்குப் பறைஞ்சதும் நான்தான் எண்டு அவங்களுக்கு முடிவாப்போம். விசர்க்கதை கதையாதை மேரி."

அப்பிடி இருக்கேக்கைதான் பாலசிங்கம் மாமா வந்தவர். அவர் பாலத்துக்கு அங்காலை உள்ள நறுவிலிக்குளத்துக்காரர். அம்மாவின்ரை வயலை இவை இந்தியாவிலை இருந்த காலம் முழுக்கக் குத்தகைக்குச் செய்தவர். அவரிட்டை லைசன் துவக்கு ஒண்டு இருக்குது, ஒற்றைக்குழல். அதைப் பற்றி அப்பா துருவித் துருவிக் கேட்டார்.

"தீவிலை இருந்துகொண்டு கேட்டாத் தரமாட்டாங்கள் றெனால்ட். பயிரைக் காக்கத்தான் குடுக்கிறது. வயல் வேணும். வயலுக்குப் பன்றி வேணும். கடலுக்கை என்ன, சுறாவுக்கோ வெடி வைக்கப்போறாய்?"

அப்பா சிரிக்கேல்லை. "வயல் இருக்குதுதானே" எண்டார்.

ஒரு மாசத்துக்குள்ளை அலுமாரி, கதிரை, பாதி எரிஞ்ச வலை எல்லாம் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினிலை ஏறிப் பாலம் தாண்டி வந்திட்டுது. சனம் தண்ணிக்காக வீடு மாறும், பள்ளிக்கூடத்துக்காக மாறும். துவக்குக்காக வீடு மாறின குடும்பம் தங்கடை ஒண்டுதான் எண்டு றொஷேல் நினைச்சாள். ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை.

அப்பாவுக்கு வயல் தெரியாது. நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாமப் பிடுங்கினதை பாலசிங்கம் மாமா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிச்சவர். "உன்ரை புருசன் வரம்பிலை நிண்டு வயலைப் பாக்கிறதைப் பாத்தா மீன் துள்ளுதோ எண்டு பாக்கிற மாதிரிக் கிடக்கு" எண்டு அம்மாவைப் பகிடி பண்ணுவார். பன்றி வந்தது உண்மை. மூலையிலை ரெண்டு பாத்தியை உழக்கிப்போட்டுப் போயிருந்தது. ஊரெல்லாம் பன்றியைத் திட்ட, அப்பா மட்டும் அந்த இடத்தைப் பாத்துச் சந்தோசப்பட்டவர். போனாலை படம் எடுத்தவர். கந்தோருக்கு அலைஞ்சு துவக்கு லைசனுக்கு விண்ணப்பமும் போட்டவர்.

அப்பா பயந்திருக்கிறார் எண்டு றொஷேலுக்கு விளங்கினது. மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டாச் சாப்பாட்டிலை கை அப்பிடியே நிக்கும். படுக்கேக்கை வலை வெட்டுற கத்தி தலைமாட்டிலை. அவளுக்கு அந்த மோட்டச்சைக்கிள்காரங்களை நினைச்சும் பயம்தான். ஆனா அப்பாவின்ரை பயத்தை நினைச்சுத்தான் கூடப் பயம். பயந்த ஆளின்ரை கையிலை துவக்கைக் குடுத்தா?

அதுக்கு அவள் கனநாள் யோசிக்க வேண்டி வரேல்லை.

அண்ணன் பிரதீபன் மன்னார் ரவுணிலை ஐஸ் கொம்பனி ஒண்டிலை வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவான். அந்த முறை வெள்ளிக்கிழமையே வந்திட்டான். கூட்டாளியின்ரை மோட்டச்சைக்கிள், புது ஹெல்மெற், முகம் மூடின கண்ணாடி. இருட்டுப் படுற மைம்மல் பொழுது, மழை தூறிக்கொண்டிருந்தது. சத்தம் படலையடியிலை நிண்டுது. "றெனால்ட் அண்ணை இருக்கிறாரோ?" எண்டு குரலை மாத்திக் கேட்டான். பகிடிக்குத்தான்.

அப்பா கத்தியோடை அடுப்படிப் பக்கத்தாலை சுத்தி ஓடினதை றொஷேல் கண்டவள். கத்தி ஹெல்மெற்றிலை பட்டு வழுக்கின சத்தந்தான் கேட்டது. ஓட்டிலை தேங்காய் விழுந்த மாதிரி.

"அப்பா! நான்! நான்தான்!"

அண்ணன் ஹெல்மெற்றைக் கழட்டினான். அப்பா அவன்ரை முகத்தைப் பாத்தார், கத்தியைப் பாத்தார், அப்பிடியே சேத்துக்கை குந்திட்டார். "உனக்கு நாளைக்கெல்லோ லீவு" எண்டார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

காதுக்கு மேலை ஹெல்மெற் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. அண்ணன் அதைப் பகிடியாக்கத்தான் பாத்தான். "நல்லகாலம், விலை கூடினதை வாங்கினனான்." ஒருத்தரும் சிரிக்கேல்லை. அடுத்த நாள் மோட்டச்சைக்கிளைக் கூட்டாளி வந்து எடுக்கட்டும் எண்டு விட்டிட்டுப் பஸ்ஸிலைதான் போனான். ஹெல்மெற்றை அம்மா அலுமாரிக்கு மேலை வைச்சவ.

அண்டைக்கு அம்மாவுக்குப் பக்கத்திலை படுத்துக்கொண்டு றொஷேல் மெல்லமாச் சொன்னாள். "அம்மா, கத்தி எண்டபடியா வழுக்கினது. துவக்கெண்டா வழுக்காது."

அம்மா மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தா. "அவர் என்ன, வேணுமெண்டோ செய்தவர்? படு பிள்ளை" எண்டா. அம்மா அப்பாவுக்கு ஒண்டுக்கும் மாட்டன் எண்டு சொல்லாத ஆள். இந்தியாவுக்குப் போவம் எண்டார், போனா. திரும்புவம் எண்டார், திரும்பினா. அதுவும் றொஷேலுக்குப் பயமா இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஊர்க் கிராமசேவகர் ஜீ.எஸ். மிஸ் வந்தவ, விண்ணப்பம் பாக்க. பொடிப்பிள்ளை மாதிரி, ஸ்கூட்டியிலை, காலெல்லாம் சேறு. அப்பா வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு நிண்டார். வயலைக் காட்டினார், பன்றி உழக்கின இடத்தைக் காட்டினார், போனிலை படத்தையும் காட்டினார். எல்லாம் பாத்திட்டு மிஸ் விறாந்தைக் கதிரையிலை இருந்தவ. றொஷேல் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"காணி ஆற்றை பேரிலை ஐயா?"

"மனுசியின்ரை. அவவின்ரை சீதனம்."

"அப்ப விண்ணப்பம் என்னெண்டு உங்கடை பேரிலை?" மிஸ் தாளைத் திருப்பிப் பாத்தா. "வயல் ஆற்றையோ, துவக்கும் அவைக்குத்தான். அம்மாவின்ரை பேரிலைதான் போடவேணும். அவதான் பொறுப்பு. எங்கை வைக்கிறது, ஆர் தொடுறது, எல்லாத்துக்கும் அவதான் பதில் சொல்லோணும்."

அப்பா இதை எதிர்பாக்கேல்லை. "ரெண்டும் ஒண்டுதானே மிஸ். அவ கையெழுத்து வைப்பா. மேரி, இஞ்சை வா!"

அம்மா கையைச் சீலையிலை துடைச்சுக்கொண்டு வந்தவ.

"அம்மா, பன்றிக் கரைச்சல் இருக்குதோ?"

"ஓம், சரியான கரைச்சல்" எண்டார் அப்பா.

"ஐயா, நான் அம்மாவைக் கேக்கிறன்."

"இருக்குது மிஸ்" எண்டா அம்மா.

"துவக்கு வேணுமோ?"

அம்மா அப்பாவைப் பாத்தா. அப்பா பேனையை எடுத்து அம்மாவின்ரை கையிலை வைச்சார். அம்மா பேனையைத் திறந்தா. மூடி விழுந்து உருண்டு றொஷேலின்ரை காலடிக்கு வந்தது.

அவள் மூடியை எடுக்கேல்லை. உள்ளுக்கை போனாள். அலுமாரிக்கு மேலை எட்டேல்லை, கதிரையிலை ஏறித்தான் எடுத்தவள். ஹெல்மெற்றைக் கொண்டுவந்து தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்திலை வைச்சாள். ஹெல்மெற் பட்டுக் கோப்பை ஆடித் தேத்தண்ணி சிந்தினது.

மிஸ் பிளவைத் தடவிப் பாத்தா. "இதென்ன? இதுவும் பன்றி செய்ததோ?"

றொஷேல்தான் சொன்னாள். "அண்ணனும் மோட்டச்சைக்கிள்ளைதான் வந்தவர், மிஸ்."

மிஸ்ஸுக்கு அது விளங்கேல்லை. விளங்கவேண்டிய ஆளுக்கு விளங்கினது. அம்மா பேனையை மேசையிலை வைச்சா.

"எனக்கு வேண்டாம்."

"மேரி!"

"என்ரை அம்மா தந்த காணி. அதுக்குத் தாற துவக்கு எனக்கு வேண்டாம்." அம்மா குரலைக்கூட உயத்தேல்லை, உப்புக் காணுமோ எண்டு கேக்கிற மாதிரித்தான் சொன்னவ. "பன்றிக்கு வேறை ஏதும் வழியிருந்தாச் சொல்லுங்கோ மிஸ்."

மிஸ் அப்பாவை ஒருக்காப் பாத்தா, ஹெல்மெற்றை இன்னொருக்காப் பாத்தா. "பன்றிக்கெண்டா வேலி அடிக்கலாம். இது பன்றி இல்லையெண்டா என்னட்டைச் சொல்லுங்கோ ஐயா, ஆரிட்டைச் சொல்லோணும் எண்டு நான் பாக்கிறன். உங்கடை பேர் வெளியிலை வராது" எண்டிட்டு எழும்பினவ. தேத்தண்ணியை மிச்சம் விடாமக் குடிச்சிட்டுத்தான் போனவ.

றொஷேல் அடி விழும் எண்டு சுவரோடை ஒட்டிக்கொண்டு நிண்டாள். அப்பா அவளைப் பாக்கவே இல்லை. ஹெல்மெற்றை மடியிலை வைச்சு, பிளவுக்குள்ளை பெருவிரலை விட்டுக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு வெள்ளைச் சேட்டைக் கழட்டி ஆணியிலை கொழுவிப்போட்டு, பின்னுக்குப் போய், எரிஞ்ச வலையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"வா" எண்டார் அவளைப் பாத்து.

வயல் மூலையிலை வேலிக்கெண்டு பூவரசங் கம்பு நட்டிருந்தது. அப்பா கரியான பக்கத்தை வெட்டி எறிஞ்சார். அதே கத்தி. மிஞ்சினதின்ரை ஒரு நுனியை அவளிட்டைக் குடுத்தார். வலை வேலை எண்டதும் அப்பாவின்ரை விரல்கள் வேறை ஆளின்ரை விரல் மாதிரி ஆகிட்டுது, ஒரு முடிச்சிலைகூடத் தடுமாறேல்லை.

"நான் உன்ரை அண்ணனை..." எண்டு தொடங்கினார், முடிக்கேல்லை. கொஞ்சத்தாலை, "இனி வாறதெண்டாக் குளக்கட்டிலை நிண்டு போனிலை கோல் எடுக்கச் சொல்லு. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" எண்டார்.

"சொல்லுறன்."

"அந்தப் பிள்ளையின்ரை நம்பர் இருக்குதோ? ஜீ.எஸ்.ஸின்ரை."

"தாளிலை இருக்கும் அப்பா."

றோட்டிலை ஒரு மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டது. ரெண்டு பேரின்ரை கையும் அப்பிடியே நிண்டுது. அவள் அப்பாவின்ரை கையைத்தான் பாத்தாள். கத்தி வரம்பிலை கிடந்தது, அப்பா அதைப் பாத்தார், எடுக்கேல்லை. சத்தம் கிட்ட வந்து, கடந்து, உயிலங்குளம் பக்கம் போய்த் தேஞ்சுது.

அப்பா மூச்சை விட்டார். பதினெட்டு வருசம் இந்தியாவிலை இருந்த மனுசன், அதாலைதான் அங்கத்தைச் சொல் வாயிலை வந்திருக்கும்.

"நான் இந்தப் பக்கத்தாலை கட்டிக்கொண்டு வாறன். நீ அந்தக் கம்பிலை இருந்து துவக்கு."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டிருக்க வேணும். றொஷேலும் நிமிந்து பாத்தாள். அவைக்குப் பின்னாலை கம்போடை வந்து வரம்பிலை நிண்ட அம்மா, "உந்தச் சொல்லை நீங்கள் விடவே மாட்டீங்களோ?" எண்டா.

அப்பா குனிஞ்சு அடுத்த முடிச்சைப் போட்டார். றொஷேல் வலை நுனியை இழுத்துக்கொண்டு மற்றக் கம்படிக்கு நடந்தாள்.