போர்பாவின் மதகை மூடியவள்

கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில், பாசன வாரியத்தின் மதகுகளைத் திறந்து மூடுவது என் வேலை. முப்பது வருஷமாகச் செய்கிறேன். பெரிய படிப்பு வேண்டாம், மணி பார்க்கத் தெரிந்தால் போதும். அதிலேயே நான் கோட்டை விட்டேன்.

எங்கள் நகரத்துக் கிணறுகளில் உரமும் சாணமும் இறங்கி, குழாய்த் தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஆகாது என்றாகிவிட்டது. என் மகள் அங்கேதான் இருக்கிறாள், குழந்தைக்கு நாலு மாதம். புட்டிப்பால் கலக்கக் கடையிலிருந்து தண்ணீர் சுமக்கிறாள். நகராட்சிக் குடிநீர்ப் பொறியாளர் ஷமிரான் யோசெப், வாய்க்கால் தண்ணீரில் ஒரு பங்கு கேட்டு மூன்று வருஷமாக எங்கள் வாரியத்துக்கு நடையாய் நடந்தாள். வாரியத்தில் ஐந்து விவசாயிகள். இரண்டு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். ஐந்தாவது ஆள் கில்பர்ட் போர்பா. எண்ணூறு மாடு வைத்திருக்கிறார். கிணற்றில் இறங்கிய சாணம் பெரும்பாலும் யாருடையது என்று ஊருக்கே தெரியும். யாரும் சொல்வதில்லை.

"ஏம்மா, டவுன்காரங்களுக்குத் தண்ணி எடுக்கத் தெரியுமா?" என்று கூட்டத்தில் ஷமிரானிடம் கேட்டார் போர்பா.

"குழாயத் தொறந்தா எடுத்துருவோம் சார்."

"அதான் தெரியலங்கறேன். என் வயலுக்கு அடுத்தாப்ல உங்க பேஸ்பால் மைதானம் இருக்கு. அந்தப் புல்லுக்கும் வாய்க்கால்ல முறைத்தண்ணி உண்டு. ஒரு பய எடுத்ததில்ல. வியாழக்கிழமை என் முறை ரெண்டு மணிக்கு முடியுது. ரெண்டுலேந்து நாலு உன் முறை. சிந்தாம எடு. அப்புறம் ஓட்டுப் போடறேன்."

நகராட்சி எடுக்காத அந்த இரண்டு மணி நேரமும் போர்பாவின் புல்வயலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் வண்டியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்பேன். கேட்பாரில்லாத தண்ணீர்தானே என்று இருந்தேன்.

வியாழக்கிழமை ஷமிரான் புது ரப்பர் பூட்ஸோடு வந்தாள். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. மணி இரண்டாயிற்று. போர்பாவின் மதகு திறந்தே கிடந்தது. அவர் தூரத்தில் டிராக்டரில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"எர்னி அண்ணே, மணி ரெண்டு. மூடலையா?"

"அவரே மூடுவாரும்மா. கொஞ்சம் பொறு."

"எவ்ளோ நேரம்?"

"வழக்கமா... நாலு வரைக்கும்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நேரம் தாண்டினா அடுத்த முறைக்காரங்க மூடலாம்னு உங்க விதியிலயே இருக்கே?"

"இருக்கு. ஆனா அவர் மதகை யாரும் தொட்டதில்ல. ஓட்டு அவர் கையில இருக்கும்மா, ஞாபகம் வச்சுக்க."

"மூணு வருஷமா வீடு வீடாப் போயி, பிள்ளைக்குக் குடுக்காதீங்கன்னு கதவுல சீட்டு ஒட்டிட்டிருக்கேன். தள்ளுங்க அண்ணே."

மதகின் சக்கரம் துருப்பிடித்திருந்தது. முழு உடம்பையும் போட்டுத் தொங்கினாள். இரண்டு மணி ஆறு நிமிஷத்துக்கு மதகு மூடிக்கொண்டது. அடுத்த மதகைத் திறந்தாள். தண்ணீர் மைதானத்தில் ஒழுங்காகப் பரவியது, ஒரு சொட்டு ரோட்டுக்குப் போகவில்லை.

போர்பா வந்தார். "யாரு மூடினது?"

"நான்தான்."

"என் கீழ்ப்பாத்தி நனையல."

"பத்து நாள்ல உங்க முறை வரும் சார்."

அவர் திரும்பி டிராக்டருக்குப் போனார். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். காரியத்தைக் கெடுத்துவிட்டாளே, இனி என் மகள் எத்தனை வருஷம் தண்ணீர் சுமப்பாள் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஓட்டெடுப்பு. இரண்டுக்கு இரண்டு. எல்லாரும் போர்பாவைப் பார்த்தார்கள்.

"அந்த மைதானத்துத் தண்ணிய முப்பது வருஷமாத் தின்னது நான். விட்டுக்கிட்டிருந்தது எர்னி. ஒருத்தன் வாயத் தொறக்கல. இந்தப் பொண்ணுதான் வந்து மூடுச்சு. இவ கையில குடுத்தா தண்ணி வீணாகாது. சரின்னு எழுதிக்கங்க." தொப்பியை எடுத்தார். "ஒண்ணு மட்டும். இனிமே எனக்கு அடுத்த முறையில இவளப் போடாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஷமிரான் சிரிக்கவில்லை. "எந்தத் தேதியிலேந்து சார் விடுவீங்க?" என்று கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள்.

நானும் கை தட்டினேன். வெட்கமாக இருந்தது.

மத்தியானம் மகள் கூப்பிட்டாள். "அப்பா, தண்ணி வரப் போகுதாமே! நீங்கதான் போர்பாகிட்ட பேசி முடிச்சீங்களா?"

"இல்லம்மா," என்றேன். "நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன்."