சீஸ் தின்றவர் கண்ட கனவு

தூங்கப்போகும் முன் சீஸ் தின்றால் விசித்திரமான கனவு வருமா? தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. சோதனைக்கு வாய்த்தவர் பஸ் ஓட்டும் கணவர். ஒருநாள் விட்டு ஒருநாள் படுக்கும்முன் அவருக்கு இரண்டு துண்டு சீஸ் வைப்பாள். தின்னும்போது மட்டும் பக்கத்தில் நிற்கமாட்டாள். பார்த்துக்கொண்டே நின்றால் முடிவு கெட்டுவிடும் என்பது அவள் தொழிலில் கற்ற பாடம்.

பலன் கைமேல் கிடைத்தது. சீஸ் வைத்த மறுநாள் காலையெல்லாம் அவர் கனவுகளை அளந்து தள்ளினார். பஸ்ஸை மாடிப்படியில் ஏற்றினாராம். உள்ளே இருந்த அத்தனை பயணிகளும் அவருடைய மாமியாராம். சீஸ் இல்லாத நாட்களில் ஒன்றுமே இல்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு காலை ஜன்னலைத் திறந்தவள், கீழ்வீட்டு நாயின் தலைமாட்டில் சீஸ் துணுக்குகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தாள்.

“நீங்க சாப்பிடவே இல்லையா?”

“எனக்கு அந்த வாடையே ஆகாது. ஜன்னல் வழியா அதுக்குப் போட்டுடுவேன்.”

“அப்போ சொன்ன கனவெல்லாம்?”

“நீ அவ்வளவு ஆசையா கேக்கறே. ஒண்ணுமே வரலைன்னு எப்படிச் சொல்றது?”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தவள், கீழே பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்த நாயின் நான்கு கால்களும் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன.

“என்ன, திட்டலையா?” என்றார் அவர்.

“அப்புறம் திட்டறேன். இன்னைக்கு ராத்திரி அதுக்கு ஒண்ணும் போடாதீங்க. நாளைக்கும் ஓடுதான்னு பாக்கணும்.”