சேலைக்குப் பின்னால் கிற்றார்

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது: இரண்டாயிரமாம் ஆண்டு, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அக்கராயன் வாசிகசாலையின் கிடுகுக் கூரையின் கீழ், மனிதகுலம் நெடுங்காலமாக விடை காணாமல் தவித்த கேள்வி ஒன்றுக்கு இறுதித் தீர்ப்பு வழங்கப்பட்டது. கிற்றார் இசையைக் கேட்பதற்கு உகந்தது இசைத்தட்டா, சீடியா?

மனிதகுலம் இப்படித் தவித்த விடயம் மனிதகுலத்துக்குத் தெரியாது. அக்கராயனுக்கும் தெரியாது. அந்த ஊர் அப்போது மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தவித்துக்கொண்டிருந்தது. யுத்தத்தில் மின்சாரம் போய்ப் பத்து வருடம். டோர்ச் பற்றரி வன்னிக்குள் வரத் தடை. செய்தி கேட்க வேண்டுமானால் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்து, ஒருவர் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றவேண்டும். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் உலகச் செய்தி பாதியில் செத்துப்போகும். இப்படிப்பட்ட இடத்தில்தான் ஒலித்தரம் பற்றிய விவாதம் உச்சத்துக்குப் போனது.

விவாதத்தின் ஒரு கரையில் சிற்றம்பலம். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோர் ஒன்றில் முத்திரை விற்று ஓய்வு பெற்றவர். எழுபதுகளில் ஒருமுறை கொழும்புக்குப் போய், ஸ்பானியக் கிற்றார் இசைத்தட்டு ஒன்றை வாங்கி வந்த நாளிலிருந்து, தன்னைச் சூழ உள்ளவர்களுக்குக் காது இல்லை என்ற முடிவுக்கு வந்தவர். பின்பக்கம் கிழிந்த சாரத்தை, கிழிசல் மடிப்புக்குள் மறையும்படி உடுக்கிற கலையிலும் தேர்ந்தவர். இருந்தால் மறையும். எழும்பினால் தெரியும். ஆகையால் பெரும்பாலும் கதிரையில் இருந்தபடியே கருத்துச் சொல்வார்.

மறுகரையில் செல்வநாயகம். கூட்டுறவுச் சங்கக் கடையின் முகாமையாளர். சுவிஸில் இருக்கிற மகன் அனுப்பிய சின்னச் சீடிப் பெட்டி ஒன்று, வவுனியாவிலிருந்து வந்த யாரோ ஒருவரின் அரிசிப் பைக்குள் ஒளிந்து வந்து அவரைச் சேர்ந்திருந்தது. கூடவே ஒரேயொரு சீடி. அதுவும் கிற்றார். அந்த ஒரு சீடியைக் கேட்டுவிட்டு, அதற்கு முந்திய மனித ஒலிகள் யாவும் சத்தம் என்று அவர் அறிவித்திருந்தார்.

"தட்டில ஒலி ஆறு மாதிரி வருது, செல்வநாயகம்" என்பார் சிற்றம்பலம். "உங்கட சீடியில ஒலியை வெட்டி வெட்டி அடுக்கிறாங்கள். மரவள்ளியை வெட்டி அடுக்கினால் திரும்பக் கிழங்காகுமோ?"

"அண்ணை, உங்கட தட்டில வாறது ஆறில்லை, தூசி. சீடியில எண்டால் விரல் நரம்பில வழுக்கிற சத்தமே கேக்கும்."

"வழுக்கிறதைக் கேக்கவோ மகன் அனுப்பினவன்? வாய்க்கால் வரம்பில நடந்து பாருமன், நல்லாக் கேக்கும்."

இருவரில் ஒருவரும் கிற்றாரை நேரில் கண்டதில்லை. அட்டைப்படத்தில் கண்டிருந்தார்கள்.

இந்த விவாதத்தால் உண்மையில் பாதிக்கப்பட்ட ஆள் ஒருவர் இருந்தார். சிற்றம்பலத்தின் மனைவி விமலேஸ்வரி. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது கிளாலிக் கடலேரியில் படகுக்காரன் சாமான்களைப் பார்த்துவிட்டு, பாரமான பெட்டி ஒன்றுதான் ஏற்றலாம் என்றான். கரையில் இரண்டு பாரங்கள் இருந்தன. ஒன்று விமலேஸ்வரியின் தையல் மெசின். மற்றது தட்டைச் சுழற்றுகிற இசைத்தட்டுப் பெட்டி. சிற்றம்பலம் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மெசின் வாங்கலாம், கலையை வாங்க ஏலாது என்றார். மெசின் கிளாலிக் கரையிலேயே நின்றது. அன்றிலிருந்து விமலேஸ்வரி ஊராரின் சட்டைகளைக் கையால் தைத்துக் கொடுத்துவந்தார். குடும்பம் அதில்தான் ஓடியது. கலை அலுமாரிக்கு மேல் இருந்தது.

அந்த ஆடியில் தர்மபுரத்திலிருந்து வீரபாகு வந்தார். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர். அவரிடம் பழைய பக்தித் தட்டுகள் ஏராளம் இருந்தன. சுழற்றுகிற பெட்டிதான் உடைந்துவிட்டது. சிற்றம்பலத்தின் பெட்டியைத் தந்தால் தன் வீட்டில் சும்மா கிடக்கும் தையல் மெசினைத் தருவதாகச் சொன்னார்.

சிற்றம்பலம் சிரித்தார். "என்ர பெட்டியில பக்திப் பாட்டோ!"

விமலேஸ்வரி சிரிக்கவில்லை. "இஞ்சேருங்கோ. உந்தப் பெட்டி சீடியை விடத் திறம் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறியள். திறம் எண்டால் இருக்கட்டும், நான் வாய் திறக்கேல்லை. திறம் இல்லையெண்டால் வீரபாகு அண்ணையிட்டைக் குடுத்திட்டு மெசினை வாங்குவம். ஐயாத்துரை மாஸ்டர் கேட்டுச் சொல்லட்டும்."

ஐயாத்துரை மாஸ்டர் ஓய்வு பெற்ற அதிபர். பாடசாலைகளுக்கிடையிலான பண்ணிசைப் போட்டிகளுக்கு நடுவராக இருந்தவர் என்பதால், சங்கீதத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை என்று அவரே சொல்வார். அவரை நடுவராக்கிய பிறகு தோல்வியைப் பற்றிச் சிற்றம்பலம் யோசிப்பது எப்படி? மாஸ்டர் முன்னிலையில், செல்வநாயகம் முன்னிலையில், தோற்றால் பெட்டி வீரபாகுவுக்கு என்று வாக்குக் கொடுத்தார்.

ஞாயிறு பிற்பகல் வாசிகசாலை நிரம்பியது. கிற்றாருக்காக அல்ல. வேறு நிகழ்ச்சி இல்லை. வீரபாகு தையல் மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டே வந்திருந்தார். அவர் காலத்தை வீணாக்குகிற ஆள் இல்லை.

மாஸ்டர் எழுந்து விதிகளை அறிவித்தார். நடுவில் ஒரு சேலை மறைப்பு. அதன் பின்னால் இசைத்தட்டுப் பெட்டி, சீடிப் பெட்டி, சைக்கிள். இரண்டுக்கும் ஒரே டைனமோ, ஒரே ஸ்பீக்கர். அதிர்ஷ்டவசமாக இரண்டு தட்டிலும் ஒரே ஸ்பானிய மெட்டு இருந்தது. வாசித்தவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதை மாஸ்டர் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. எது முதலில் ஒலிக்கிறது என்பது நடுவருக்கும் தெரியக்கூடாது, உரிமையாளர்களுக்கும் தெரியக்கூடாது.

"அப்ப பெடல் சுத்திறது ஆர்?" என்று செல்வநாயகம் கேட்டார். குந்தினால் அவருக்கு வயிறு இடிக்கும். சிற்றம்பலத்துக்குச் சாரம். மாஸ்டருக்கு அந்தஸ்து.

"விமலா சுத்தட்டும்" என்றார் சிற்றம்பலம். "அவாவுக்குச் சங்கீதம் விளங்காது. ஆனபடியால் பக்கச்சார்பு இராது."

சபை இதை மிக நியாயமான ஏற்பாடு என்று ஏற்றுக்கொண்டது. விமலேஸ்வரி சேலைக்குப் பின்னால் போனார்.

அவருக்குச் சங்கீதம் விளங்காதுதான். ஆனால் பெடலை மெதுவாகச் சுற்றினால் தட்டு மெதுவாகச் சுழலும் என்பது விளங்கும். பாட்டு இழுபட்டு மாடு கத்துகிறமாதிரிக் கேட்கும், மாஸ்டர் காதைப் பொத்துவார், மெசின் வீட்டுக்கு வரும். இதுதான் அவருடைய திட்டம். இசைத்தட்டை முதலில் போட்டார். சுற்றினார். கொஞ்சம் தளர்த்தினார். பிறகு இறுக்கினார். திரும்பத் தளர்த்தினார். ஸ்பானியக் கிற்றார் கீழே சரிந்தது, மேலே ஏறியது, நடுவில் நின்று நடுங்கியது. டைனமோ இரைச்சல் தேனீக்கூடு போல அதோடு சேர்ந்துகொண்டது.

மாஸ்டர் கண்ணை மூடினார். தலை ஆடத் தொடங்கியது. ஒரு கை தானாகவே தொடையில் தாளம் போட்டது.

"ஆகா! கமகம்!"

சபை நிமிர்ந்தது.

"வெள்ளைக்காரனுக்குக் கமகம் வராது எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சனான். கேட்டியளோ, அந்தச் சுரம் எப்பிடி அசைஞ்சு வந்து இறங்கிச்சுது! இது இசைத்தட்டு. சந்தேகமே இல்லை. சீடியில உந்த அசைவை எல்லாம் வெட்டிப்போடுவாங்கள்."

"நான் சொன்னனான்தானே" என்றார் சிற்றம்பலம். கண்ணில் நீர். "அந்தக் குழைவு! அதுதான் இசைத்தட்டின்ர ஆத்மா."

சேலைக்குப் பின்னால் விமலேஸ்வரி பெடலை விட்டுவிட்டுத் தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

அடுத்ததாகச் சீடியைப் போட்டார். அது மெதுவாகச் சுற்றினால் வளையாது, செத்துவிடும். ஆகவே ஒழுங்காகச் சுற்றினார். கிற்றார் நேராக, சுத்தமாக வந்தது.

"வாய்ப்பாடு ஒப்புவிக்கிற மாதிரி இருக்கு" என்றார் மாஸ்டர். "இது சீடி. தீர்ப்புச் சொல்லுறன். இசைத்தட்டே..."

"நில்லுங்கோ மாஸ்டர்" என்று செல்வநாயகம் எழும்பினார். "இரண்டில ஒண்டு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சரிவரும். இது குருட்டு வாக்கு."

இப்படியொரு அவமானத்தைப் பண்ணிசைப் போட்டிகளில் எந்தத் தகப்பனும் மாஸ்டருக்குச் செய்ததில்லை. அவர் முகம் சிவந்தது. "குருட்டு வாக்கோ? சரி, விமலேஸ்வரி இப்ப தன்ர விருப்பத்துக்கு ஏதேனும் ஒண்டைப் போடட்டும். எது எண்டு நான் சொல்லுறன். அதோடை முடிவு."

"நானும் சொல்லுறன்" என்றார் சிற்றம்பலம். "இருபத்தைஞ்சு வருசம் கேட்ட தட்டு. பிழைச்சால் உங்கட சீடிதான் திறம் எண்டு இந்தச் சபையிலையே ஒப்புக்கொள்ளுறன். பெட்டியை வீரபாகு இப்பவே கொண்டு போகலாம்."

வீரபாகு பின்வரிசையிலிருந்து, "சீக்கிரம் சொல்லுங்கய்யா, பொழுது சாயுது. தர்மபுரம் வரைக்கும் மிதிக்கணும்" என்றார்.

விமலேஸ்வரி கையை முந்தானையில் துடைத்தார். அதே இசைத்தட்டைத் திரும்பவும் வைத்தார். இந்த முறை மாவரைக்கிறவளைப் போல, ஒரே வேகத்தில், தளர்த்தாமல், இறுக்காமல் சுற்றினார். தோள்பட்டை எரிந்தது. தட்டு, தன்னைச் செய்தவன் நினைத்த வேகத்தில், இடம்பெயர்ந்த பிறகு முதல் தடவையாகச் சுழன்றது. கிற்றார், கிற்றாரைப்போலவே கேட்டது.

மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். "உயிரில்லை. கமகம் எங்கை? சீடி."

"பிணம், மாஸ்டர், பிணம்!" சிற்றம்பலம் சாரத்தையும் மறந்து எழும்பிவிட்டார். பின்வரிசை கிழிசலைக் கண்டது. "கேக்கேக்கை காது கூசுது. ஒரு குழைவு இல்லை, ஒரு ஆத்மா இல்லை. உதையெல்லாம் இசை எண்டு சொல்லுறவனுக்குக் காதில என்ன, மரக்கட்டையோ? நிப்பாட்டு விமலா, உந்தச் சனியனை நிப்பாட்டு!"

விமலேஸ்வரி நிப்பாட்டவில்லை. ஒரு கையால் சுற்றிக்கொண்டே மற்றக் கையால் மறைப்புச் சேலையை இழுத்து விழுத்தினார்.

இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது.

மாஸ்டர் தட்டைப் பார்த்தார். சிற்றம்பலம் தட்டைப் பார்த்தார். செல்வநாயகம் தட்டைப் பார்த்துவிட்டுச் சிற்றம்பலத்தைப் பார்த்தார்.

"அப்ப முதல் போட்டது?" என்று மாஸ்டர் ஈனக்குரலில் கேட்டார். "அந்தக் கமகம்?"

"அதுவும் உதே தட்டுத்தான், மாஸ்டர். மெள்ளச் சுத்தினனான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லா வரிசையும் சிரித்தது. மாஸ்டர், வெப்பம் கூடிய காலங்களில் ஒலி அலைகள் திரிபடைவது பற்றி ஒரு விளக்கம் தொடங்கினார். அதைக் கேட்க ஆள் இருக்கவில்லை. சிற்றம்பலம், டைனமோ தனக்கெதிராகச் சதி செய்தது என்றும், ஊசி தேய்ந்துவிட்டது என்றும், கூரை கிடுகு என்பதால் ஒலி மேலே போய்விட்டது என்றும் மூன்று காரணங்கள் சொன்னார். நாலாவதைச் சொல்லும்போது வீரபாகு பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, மெசினைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார்.

"சீடி வெண்டதே?" என்று செல்வநாயகம் கேட்டார்.

"வெண்டது" என்றார் மாஸ்டர் எரிச்சலோடு. "வாய்ப்பாடு மாதிரி வெண்டது."

செல்வநாயகம் வெற்றியைக் கொண்டாட அன்றே வீட்டுக்குப் போய்ச் சீடியைப் போடச் சொன்னார். அவருடைய மனைவி பெடல் சுற்ற மறுத்துவிட்டார்.

விமலேஸ்வரி அந்த மெசினில் முதலாவதாகச் சிற்றம்பலத்தின் சாரத்தைத் தைத்தார்.