பின்னால் ஒரு ஆள்

என் வீட்டுக்காரர் மரியான் அந்தக் கதையைத் தொடங்கினாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லண்டனிலிருந்து திரும்பி ஏழு மாதமாகிறது. கடியப்பட்டணத்தில் அதைக் கேட்காத காது இல்லை. மீன் ஏலம் போடும் இடத்தில் சொன்னார். கல்யாணப் பந்தியில் சொன்னார். ஒரு சாவு வீட்டில் சவப்பெட்டி வரத் தாமதமானது, அங்கேயும் சொன்னார். "எனக்க பெண்டாட்டி லண்டன் ரயிலுல காட்டின கூத்து கேட்டியளா?" என்று ஆரம்பிப்பார். கூட்டம் சிரிக்கும்.

கூத்து இதுதான். மகன் ஜெஃப்ரின் அங்கே வேலை பார்க்கிறான். அவன் கூட்டாளி வீட்டுக்குக் கொடுக்க ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாட்டோடு நாங்கள் இருவரும் பூமிக்கு அடியில் ஓடும் ரயிலில் ஏறினோம். நல்ல கூட்டம், உட்கார இடமில்லை. நம் ஊர் பஸ்ஸில் நின்றால் என்ன செய்வோம்? உட்கார்ந்திருப்பவர் மடியில் பையை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடிப்போம். அதற்கு ஒரு கேள்வி உண்டா? நானும் எதிரே இருந்த ஒரு தாடிக்கார வெள்ளைக்காரன் மடியில் பையை வைத்தேன். மரியாதைக்குச் சிரிக்கவும் செய்தேன்.

அவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கத்தினான். சுற்றி நின்றவர்கள் மளமளவென்று விலகினார்கள். எனக்கு இடம் விடுகிறார்கள் என்று நினைத்து, "இருக்கட்டும், நான் நின்னுக்கிடுதேன்" என்று தமிழிலேயே சொன்னேன். அடுத்த ஸ்டேஷனில் ரயில் நின்றது, கதவு மூடவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள்.

இதுவரை அவர் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான். சிரிக்க வேண்டிய காரியம்தான், நானும் சிரிப்பேன். இதற்குப் பிறகு அவர், "நான் கூட்டத்துல வேற பெட்டியில மாட்டிக்கிட்டேன், இல்லேன்னா விட்டிருப்பேனா?" என்று முடிப்பார். பச்சைப் பொய். கதவோரம், என்னிடமிருந்து நாலு எட்டில் நின்றார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று போலீஸ்காரர் சைகையில் கேட்டது எனக்கே புரிந்தது. நான் இவரைக் கை காட்டினேன். போலீஸ்காரர் இவரைப் பார்த்தார். இவர் சுவரில் ஒட்டியிருந்த பற்பசை விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு, "நோ, நோ" என்று தலையை ஆட்டினார். என்னை இறக்கினார்கள். ரயில் இவரோடு போய்விட்டது.

பர்ஸில் இருந்த ஜெஃப்ரின் நம்பரைக் காட்டினேன். அவன் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பையில் குண்டு எதுவும் இல்லை என்று கருவாட்டை ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துக் காட்டினேன். போலீஸ்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அது எனக்கு ஒரு வலியே இல்லை. முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் என்னைத் தெரியாது என்றாரே, அதுதான் வலித்தது.

வீட்டில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்தேன். "நீங்க செஞ்சதை ஒரே ஒரு தடவை ஒத்துக்கிடுங்க. நான் மறந்துட்டுப் போறேன்."

"ஏட்டி, தமாசைத் தமாசா எடு" என்றார்.

எங்கள் ஊர்க் கோவில் பேதுருவின் பெயரில் உள்ளது. அவரும் பயந்துபோய் இயேசுவைத் தெரியாது என்று சொன்னவர்தான். ஆனால் சேவல் கூவியதும் அழுதார். இவர் ஊர் ஊராகச் சிரிக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை நாகர்கோவிலுக்கு டவுன் பஸ் ஏறினோம். நான் முன்வாசல், அவர் பின்வாசல். பெண்களுக்கு அந்த பஸ்ஸில் காசில்லை. "பின்னால ஒரு ஆளு" என்று அவருக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். முன் சீட்டில் இருந்த ஒரு பெண், நான் கேட்காமலே என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தாரோ இல்லையோ, பின்னாலிருந்து அவர் குரல் எழும்பியது. "பாத்தியளா? இதே மாதிரிதான் லண்டன் ரயிலுல..." பஸ் முழுக்கச் சிரித்தது. என் பையை வைத்திருந்த பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது சுட்டது.

அவர் வேறு பெட்டியில் மாட்டிக்கொண்டு கதையை முடிக்கவும், வெள்ளிச்சந்தையில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறவும் சரியாக இருந்தது.

"டிக்கெட்டு?"

"முன்னால எனக்க பெண்டாட்டிட்ட இருக்கு" என்றார் இவர்.

இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தார். "அம்மா, பின்னால நிக்கது உங்க வீட்டுக்காரரா?"

டிக்கெட் என் உள்ளங்கையில் வியர்வையில் ஊறிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு நகைக்கடை விளம்பரம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "யாரு? எனக்குத் தெரியாது."

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"ஏட்டி பிலோமி, வெளையாடாத!" என்று இவர் அலறினார்.

"அபராதம் கட்டும், இல்லேன்னா இறங்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். பஸ் மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு பின்வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

நானும் திரும்பினேன். "லண்டனில போலீசு கேட்டப்ப நீங்க எங்க நின்னிய? என்ன சொன்னிய? அதை இவங்ககிட்ட சொல்லுங்க. பொறவு பாப்போம்."

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். அவருக்கும் கேட்க வேண்டியிருந்தது போல.

"பக்கத்துலதான் நின்னேன்" என்று முனகினார்.

"சத்தமா."

"பக்கத்துலதான் நின்னேன். இவளைத் தெரியாதுன்னு சொன்னேன். பயந்துட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. முன் சீட்டுப் பெண் என் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் டிக்கெட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தேன். அது கை மாறிக் கை மாறிப் பின்வாசல் வரை போனது.

இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் தீரவில்லை. "அப்ப இவரு உங்க வீட்டுக்காரருதானா?"

"ஆமா" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "எனக்க மாப்பிளதான். அன்னைக்கு லண்டனிலயும் இவருதான் எனக்க மாப்பிள. நான் கை காட்டினேன்."