ஐயாவு இன்னும் டேப் வாங்கவில்லை

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இலக்கியத்துக்காக எழுதப்பட்டதல்ல. கடையில் வைத்திருக்கும் டேப்பில், அதாவது டேப்லெட்டில், தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பதற்காக எழுதப்பட்டது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஈப்போவில் ஒரு கைப்பேசிக் கடையில் நின்றுகொண்டு என் அக்கா கணவர் ஐயாவு எனக்குப் போன் போட்டார். நான் காம்பாரில் டியூஷன் முடித்துவிட்டு ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தேன்.

“மச்சான், தமிழ்ல நீளமா எதாச்சும் ஏத்திவிடு லா. எழுத்து தெரியுதான்னு பாக்கணும்,” என்றார்.

என் வலைப்பக்கத்தில் பதினாறு கதைகள் இருக்கின்றனவே என்றேன். அதெல்லாம் வேண்டாம், புதுசாகப் போடு என்றார். பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். மனுஷன் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. வயிற்றெரிச்சலோடு இரண்டு பத்தி அடித்து ஏற்றினேன். அவரைப் பற்றியே எழுதினேன். அப்போதாவது படிப்பார் அல்லவா?

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள்மீது கருமேகங்கள் கவிந்திருந்த அந்த மாலையில், இழந்துபோன ஏதோ ஒன்றைத் தேடி ஒரு மனிதன்

(இங்கேயே நின்றுவிட்டது. ஐயாவு கடையிலிருந்தே கூப்பிட்டு, அன்றைக்கு மேகமே இல்லை, நல்ல வெயில், சட்டை நனைந்துதான் வந்தேன் என்றார். கருமேகத்தைக் கலைத்தேன்.)

இரண்டாவது: ‘அறுபத்து மூன்று வயதான, வழுக்கைத் தலை ஐயாவு

(வழுக்கை இல்லையாம். முன்பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், அவ்வளவுதானாம்.)

மூன்றாவது: ‘ஐயாவுக்கு ஒரு டேப் வேண்டும்.’ இதற்கு மறுப்பு வரவில்லை. எழுத்தாளனுக்கு எங்கிருந்தெல்லாமோ விமர்சனம் வரும் என்று தெரியும். கைப்பேசிக் கடையிலிருந்து, நான் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

3.

ஐயாவுக்கு ஒரு டேப் வேண்டும். சுங்காய்ப் பக்கத்து எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர், பிறகு ஈப்போவில் பள்ளி பஸ் ஓட்டியவர். பள்ளி விடும்வரை ஸ்டியரிங்கில் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்துத் தள்ளுவார். நாவலோ வாரப் பத்திரிகையோ வடை மடித்த தாளோ, எழுத்து இருந்தால் போதும். ஐந்து வருடத்துக்கு முன் கண்ணில் கோளாறு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் பொடி எழுத்து பிடிபடவில்லை. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கிறது. வாக்கியம் முடிவதற்குள் எழுவாய் மறந்துபோகிறது.

(இவ்வளவு காலம் என் கதைகளை அவர் ஏன் படிக்கவில்லை என்பது இந்தப் பத்தியை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. வயிற்றெரிச்சலை வாபஸ் வாங்குகிறேன். பாதி மட்டும். மீதிப் பதின்மூன்று வருடத்துக்குக் கணக்கு இருக்கிறது.)

ஜொகூரில் வேலை பார்க்கும் மகள் தினேஸ்வரி அறுநூறு வெள்ளிப் பணம் அனுப்பினாள். அதற்குள் ஒரே ஒரு டேப். அதில் அப்பா படிக்க வேண்டும், அம்மா வீடியோ பார்க்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

4.

கடையில் அந்த விலைக்கு இரண்டு இருந்தன. எட்டு அங்குலத்தில் எழுத்து கண்ணாடிபோலத் தெரிந்தது, ஆனால் சத்தம் கொசு பாடுவதுபோல. பத்து அங்குலத்தில் சத்தம் கூரையைத் தூக்கியது. எழுத்தோ ஓரமெல்லாம் பிசிறடித்து, புள்ளிகள் பாதி காணாமல் போயின. கனமும் அதிகம். படுத்துக்கொண்டு படித்தால் கைதவறி மூக்கில் விழும் என்று ஐயாவு சொன்னார். மூக்கில் விழாத ஒன்றும் இருந்தது. அதன் விலையைப் பார்த்துவிட்டு மூவரும் நகர்ந்துவிட்டார்கள்.

மூவர் என்றேனா? ஐயாவு, சரளா அக்கா, அப்புறம் பக்கத்து வீட்டுக் கனகராஜ் அண்ணன்*. ஒரு காலத்தில் டிவி ரிப்பேர் பார்த்தவர் என்பதால் ஆலோசகராகக் கூட்டிப் போனார்கள்.

*கனகராஜ் அண்ணனைக் கதையில் வைப்பதா எடுப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர் செய்ததை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். எடுத்தும் பார்த்தேன். எடுத்தால் அக்கா பக்கம் வாதமே இல்லாமல் போகிறது. திரும்பவும் வைத்துவிட்டேன்.

சரளா அக்கா சத்தத்தைச் சோதிக்கத் தைப்பூச வீடியோ ஒன்றைப் போட்டாள். உறுமி மேளம். எட்டு அங்குலத்தில் போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. பத்து அங்குலத்தில் முழுச் சத்தம் வைத்தாள். உறுமி கேட்டால் கனகராஜ் அண்ணனுக்கு அருள் வரும் என்பது அவர்கள் குடியிருக்கும் சிலிபின் முழுக்கத் தெரிந்த விஷயம்; அக்காவுக்கு அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. (மறக்கவில்லை என்பது ஐயாவுவின் சந்தேகம்.)

கைப்பேசி உறைகள் தொங்கிய கம்பிகளுக்கு நடுவே அண்ணன் ஆட ஆரம்பித்தார். எலுமிச்சம்பழம் கேட்டார். கடைப் பெண் ஜேஸ்லின் கொஞ்சமும் பதறவில்லை. பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய் ஒரு லிமாவ் ஐஸ், அதாவது ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு, வாங்கிவந்து, ஸ்ட்ரா போட்டுக் கையில் கொடுத்தாள். குடித்து முடித்ததும் சாமி மலையேறியது. அண்ணன் கண்ணைத் திறந்து, ஐஸ் கொஞ்சம் அதிகம் என்றார்.

“சாமியே சொல்லிருச்சு,” என்றாள் அக்கா. “பத்துதான்.”

எழுத்தையும் சோதித்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் ஐயாவு. அடுத்த நாள் தனியாக பஸ் ஏறிப் போனார். அதற்கடுத்த நாளும் போனார்.

5.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றோடு பன்னிரண்டாவது நாள். ஐயாவு தினமும் அந்தக் கடைக்குப் போய், கம்பியில் கட்டிவைத்த எட்டு அங்குல டேப்பில் இந்தக் கதையைப் படிக்கிறார். நான் காம்பாரிலிருந்து பத்தி பத்தியாக ஏற்றுகிறேன். ஏற்றியது தீர்ந்ததும் கூப்பிடுகிறார்.

“அப்புறம்?”

அவ்வளவுதான் கேட்பார். பதினெட்டு வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. சந்தோஷத்தில் ஒரு நாள் டியூஷனுக்கே போகவில்லை.

ஜேஸ்லின் அவருக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்திருக்கிறாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். இவர் மலாயில் கதை சொல்ல, தானும் அதில் இருப்பது தெரிந்து அவள் ஒரு திருத்தம் அனுப்பினாள்: தான் வெறும் கடைப் பெண் அல்ல, சூப்பர்வைசர். (மேலே மாற்றவில்லை. இங்கே பதவி உயர்வு கொடுத்துவிட்டேன்.)

என் மற்றக் கதைகளையும் அப்படியே படிக்கலாமே என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பார்த்தாராம், நன்றாகத்தான் இருந்ததாம், ஆனால் அதில் அவர் இல்லையாம்.

பிறகு சொன்னார்: “அஞ்சு வருசமா கண்ணு பேருக்குத்தான் இருந்துச்சு மச்சான். இப்பத்தான் எனக்குன்னு ஒரு வேலை இருக்கு.”

லிமாவ் ஐஸ் குடித்துச் சாமி மலையேறுகிற கதையில் இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கேயே இருக்கட்டும்.

6.

முடிவுகள்.

அ) ஐயாவு எட்டு அங்குலம் வாங்குகிறார். அக்கா இரண்டு வாரம் பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது, குழம்பு வருவதில்லை.

(ஐயாவு: குழம்பு இல்லாத முடிவு வேண்டாம்.)

ஆ) பத்து அங்குலம் வாங்குகிறார். அக்கா காலையில் சமையல் வீடியோ, மத்தியானம் சீரியல், சாயங்காலம் கோயில் திருவிழா பார்க்கிறாள். ஐயாவு பக்கத்தில் உட்கார்ந்து தானும்

(இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

இ) ஒன்றும் வாங்காமல் காலம் முழுக்கக் கடையிலேயே படிக்கிறார்.

(இது எனக்குப் பிடித்தது. அவருக்கும் பிடித்தது. ஆனால் மலிவு விற்பனை இந்த ஞாயிறு ஆறு மணியோடு முடிகிறது, பிறகு அந்த டேப்பை எடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாள்.)

நேற்று ஐயாவு தீர்த்துச் சொல்லிவிட்டார்.

“எதை வாங்குனேன்னு நீயே எழுதிரு. நீ எழுதுனதத்தான் வாங்குவேன். உங்கக்கா கேட்டா, கதைல அப்படித்தான் இருக்குன்னு சொல்லிக்கலாம்.”

அவர் போனை வைத்த அரை மணி நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். அவளுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. “தம்பி, நீ ஒழுங்கா கதைய முடி. பத்துன்னு முடி,” என்றாள். இந்தத் தைப்பொங்கலுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதையும் நான்தான் முடிவு செய்யப்போகிறேனாம்.

7.

இன்று ஞாயிறு. மணி ஐந்து ஐம்பது.

அவர் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பணம் சட்டைப்பையில் இருக்கிறது. ஜேஸ்லின் இரண்டு பெட்டிகளையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். அவர் விரல் திரையைத் தள்ளித் தள்ளி, இதோ, இந்த வரிக்கு வந்திருக்கும்.

மாமா, என்னால் முடியவில்லை. எட்டு என்று எழுதினால் எனக்கு அக்கா இல்லை. பத்து என்று எழுதினால் எனக்கு நீங்கள் இல்லை. எந்த எண்ணை எழுதினாலும் கதை முடிந்துவிடும், நாளைக்கு நீங்கள் கூப்பிட மாட்டீர்கள். எனக்கு அதுதான் பயம்.

ஆகவே வாசகரே, எண்ணை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே இடம் விட்டிருக்கிறேன்: ............ அங்குலம். சீக்கிரம், பத்து நிமிடம்தான் இருக்கிறது.

போன் அடிக்கிறது. அவர்தான். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.